கார்ன் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்: காரைக்குடி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க காரைக்குடில வீட்ல வச்சே பலகாரம் செஞ்சு குடுக்குறோம், கல்யாணம், சாந்தி, புதுமனை எல்லாத்துக்கும். ஆர்டர் சொல்ல போன் பண்றவங்க இப்பல்லாம் "கார்ன் சிரப் சேக்க மாட்டீங்கல்ல ஆச்சி"ன்னு கேக்காம போனை வைக்கிறதில்ல. பாதிப் பேரு வெளிநாட்டுல பிள்ளைகள் இருக்குறவங்க, அங்க கேட்டதை வச்சு இங்க பயப்படுறாங்க. மீதிப் பேருக்கு சுகர், இல்லாட்டி பேரப்பிள்ளைக்கு அலர்ஜி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிக்கிட்டு இருக்குறதுக்கு மொத்தமா எழுதி வச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்னு தோணுச்சு.

கார்ன் சிரப்னா என்ன, எதுல இருந்து எடுக்குறாங்க?

மக்காச்சோளத்துல இருந்து ஸ்டார்ச் எடுத்து, அதை தண்ணியில கலக்கி என்சைம் போட்டு உடைச்சா குளுக்கோஸ் பாகு வரும், அதுதான் கார்ன் சிரப். நம்ம ஊர்ல இதை லிக்விட் குளுக்கோஸ்னு சொல்லி விக்கிறாங்க. அதோட நிறுத்தாம இன்னொரு என்சைம் போட்டு குளுக்கோஸ்ல ஒரு பங்கை ஃபிரக்டோஸா மாத்துனா இனிப்பு கூடிடும், அதுக்குப் பேரு ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப், சுருக்கமா எச்எஃப்சிஎஸ். இதுல ரெண்டு வகை அதிகமா ஓடும், 42ன்னு ஒண்ணு, 55ன்னு ஒண்ணு, அந்த நம்பர் அதுல இருக்குற ஃபிரக்டோஸ் சதவீதம். 55 பெரும்பாலும் கூல்டிரிங்குக்கு, 42 ரொட்டி, சாஸ் மாதிரி சாமானுக்கு.

லிக்விட் குளுக்கோஸும் எச்எஃப்சிஎஸும் ஒண்ணு இல்லங்க, இதை மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க, வாட்ஸப்ல வர்ற பாதி மெசேஜ்ல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி வச்சிருக்காங்க.

அமெரிக்காவுல மட்டும் ஏன் இது இவ்வளவு?

காசுதான் காரணம். 1957ல அங்க ஆராய்ச்சியில எச்எஃப்சிஎஸ் செய்ற வழியைக் கண்டுபிடிச்சாங்க, 1960கள்ல ஜப்பான்காரங்க அதை ஃபேக்டரி அளவுக்கு கொண்டு வந்தாங்க, 1970கள்ல அமெரிக்காவுல பரவுச்சு. அங்க மக்காச்சோளம் மலை மலையா விளையுது, அரசாங்க ஆதரவும் அதுக்கு இருக்கு, ஆனா வெளிநாட்டுச் சீனிக்கு கட்டுப்பாடு போட்டதால சீனி விலை அங்க எப்பவும் கூட. அதனால 1984 வாக்குல கோக், பெப்சி ரெண்டுமே அமெரிக்காவுல சீனியை விட்டுட்டு எச்எஃப்சிஎஸுக்கு மாறிட்டாங்க.

அப்ப நம்ம ஊரு கூல்டிரிங்க்லயும் அதுதான் இருக்கா?

பெரும்பாலும் இல்ல. நம்ம நாட்டுல கரும்பு இருக்கு, சீனி ஆலை இருக்கு, அதனால இங்க கூல்டிரிங்க்ல போடுறது சீனிதான், பாட்டிலைத் திருப்பிப் பாத்தா சுகர்னு இருக்கும். ஆனா அதுக்காக சந்தோஷப்பட்டு வாங்கிக் குடிச்சுடாதீங்க. 100 மில்லிக்கு பத்து பதினோரு கிராம் சீனி பல பாட்டில்ல இருக்கு, 300 மில்லி ஒரு மூச்சுல குடிச்சா முப்பது கிராமுக்கு மேல உள்ள போகுது. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குப்படி, வெளியில இருந்து சேக்குற இனிப்பு ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லது. ஒரே பாட்டில்ல அன்னைக்கு கோட்டா முடிஞ்சு கடனும் ஆயிடுது.

அப்ப சோளத்து இனிப்பு நம்ம வீட்டுக்குள்ள எந்த வழியா வருது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேக்கணும், யாரும் கேக்குறதில்ல. கார்ன் சிரப்னு தேடுனா நம்ம கடைச் சாமான்ல கிடைக்காது, வேற பேர்ல உக்காந்திருக்கும்.

லிக்விட் குளுக்கோஸ், சில பாக்கெட்ல குளுக்கோஸ் சிரப்னு இருக்கும். மிட்டாய், டாஃபி, ஐஸ்கிரீம், சில ஜாம், கிரீம் பிஸ்கட், கேக் மேல பூசுற ஐசிங், கிரானோலா பார், இதெல்லாம். ஆறிப்போனாலும் சீனி பூத்துப்போகாம வழவழன்னு இருக்கணும்னா கம்பெனிக்காரங்களுக்கு இது வேணும்.

டெக்ஸ்ட்ரோஸ், இது குளுக்கோஸேதான், பொடியா இருக்கும். பெட்டிக்கடையில வெயில் காலத்துல விக்கிற குளுக்கோஸ் டப்பா இதுதான்.

மால்டோடெக்ஸ்ட்ரின், ஸ்டார்ச்சைக் கொஞ்சம் மட்டும் உடைச்சு எடுக்குற பொடி. இதுதான் எனக்கு ரொம்பக் கவலை. நாக்குல அவ்வளவா இனிக்காது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது, ஆனா உடம்புக்குள்ள போனதும் சடார்னு குளுக்கோஸா உடைஞ்சிடும், சீனியை விட வேகமா ரத்தத்துல சுகரை ஏத்தும். மசாலா சிப்ஸ் மேல தூவுற பொடியில இருக்கும், சூப் பாக்கெட்ல இருக்கும், நூடுல்ஸ் மசாலாவுல, ஹெல்த் டிரிங்க்ல, புரோட்டீன் பவுடர்ல, வெந்நி ஊத்திக் கலக்குற த்ரீ இன் ஒன் காபி பவுடர்ல எல்லாம் பாத்திருக்கேன். இனிப்பே தொடாதவங்க காரச் சாமான்ல இதைச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

அப்புறம் சார்பிட்டால், மால்டிட்டால்னு சுகர்ஃப்ரீ சாமான்ல வர்றது, அதைக் கீழ சொல்றேன்.

இன்வர்ட் சுகர் சிரப்னு பிஸ்கட்ல பாப்பீங்க, அது சோளம் இல்ல, சாதாரணமா சீனியை உடைச்சுப் பண்றது. அலர்ஜிக்காரங்களுக்கு அதுல பெரும்பாலும் பயம் இல்ல, சுகர்காரங்களுக்கு சீனியும் அதுவும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, லிக்விட் குளுக்கோஸ் எல்லாமே மக்காச்சோளம்னும் சொல்ல முடியாது. சேலம், நாமக்கல் பக்கம் விளையிற மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்ல இருந்தும் பண்ணலாம், பண்றாங்க. லேபிள்ல எதுல இருந்து வந்ததுன்னு பெரும்பாலும் எழுதுறதில்ல, அதனால அலர்ஜி இருக்குற வீட்ல சோளம்னே வச்சு ஒதுக்கிடுங்க.

லேபிளை எப்படிப் படிக்கிறது? எழுத்து எறும்பு மாதிரி இருக்கே

போன்ல போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க, நான் கடையிலேயே நின்னு அப்படித்தான் பாக்குறேன், கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ போட்ட விதிப்படி எது எடையில அதிகமோ அது முதல்ல வரணும், அப்படியே இறங்கு வரிசையில போகணும். அதனால முதல் மூணு பேருக்குள்ள சுகரோ லிக்விட் குளுக்கோஸோ இருந்தா அது இனிப்புச் சாமான், அட்டையில கோதுமைக் கதிரு படம் போட்டிருந்தாலும் சரி. சில பாக்கெட்ல என்ன பண்ணியிருப்பாங்கன்னா சுகர் தனி, லிக்விட் குளுக்கோஸ் தனி, மால்டோடெக்ஸ்ட்ரின் தனி, இன்வர்ட் சிரப் தனின்னு நாலாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, தனித்தனியா பாக்க ஒவ்வொண்ணும் கீழ இருக்கும், கூட்டிப் பாத்தா அதுதான் முதல்ல வந்து நிக்கும்.

அப்புறம் சத்துப் பட்டியல். மொத்த சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரைன்னு ரெண்டு வரி இருக்கும். பக்கத்துல சதவீதம் போட்டிருப்பாங்க, அந்த சதவீதம் ஒரு நாளைக்கு 50 கிராம்னு வச்சுப் போட்ட கணக்கு. மேல சொன்ன 25 கிராம் கணக்குல பாத்தா அதை ரெண்டால பெருக்கிக்கணும். 20 சதவீதம்னு போட்டிருந்தா உங்களுக்கு 40.

மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பங்கு சர்க்கரை வரியில வராது, கார்போஹைட்ரேட் வரியில போய் ஒளிஞ்சுக்கும். சர்க்கரை 2 கிராம்னு போட்டு கார்போஹைட்ரேட் 80 கிராம்னு இருந்தா, அது என்ன மாவு, எங்க இருந்து வந்ததுன்னு மேல பட்டியல்ல திரும்பத் தேடுங்க.

பேருக்குப் பதிலா ஐஎன்எஸ்னு, அதாவது உணவுச் சேர்மானத்துக்கான நம்பர் போட்டிருந்தா: ஐஎன்எஸ் 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். 1400ல ஆரம்பிக்கிற நம்பர் மாடிஃபைடு ஸ்டார்ச் வகை, அதுவும் பல நேரம் சோளம்தான், ஆனா இனிப்பு இல்ல.

கார்ன் சிரப் சீனியை விட மோசமா?

எச்எஃப்சிஎஸைச் சொல்றீங்கன்னா, உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சீனியில பாதி குளுக்கோஸ் பாதி ஃபிரக்டோஸ். எச்எஃப்சிஎஸ் 55ல ஃபிரக்டோஸ் 55 பங்கு, மீதி பெரும்பாலும் குளுக்கோஸ். அஞ்சு பங்கு வித்தியாசம், அவ்வளவுதான். ஃபிரக்டோஸ் அதிகமானா கல்லீரலுக்குத்தான் வேலை, அங்க கொழுப்பு சேரும், அது கார்ன்ல இருந்து வந்தாலும் சரி கரும்புல இருந்து வந்தாலும் சரி. கார்ன் சிரப் பேரைக் கெடுத்தது அதோட மலிவுதான், மலிவா இருக்குறதால ரொட்டியில இருந்து சாலட் சாஸ் வரைக்கும் தேவையே இல்லாத இடத்துலயும் ஊத்திட்டாங்க.

ஆச்சி, கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுல்ல?

ஏறும். தயவுசெஞ்சு இதை மட்டும் நம்பாதீங்க. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாத்துலயும் முக்காலுக்கு மேல சுக்ரோஸ்தான், சீனியில இருக்குற அதே சாமான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் பொட்டாசியம் கூட இருக்கும், வாசம் அருமையா இருக்கும், அதுக்காகத்தான் நாங்க கருப்பட்டிப் பணியாரத்துக்கு அதைத் தவிர வேற எதையும் தொடுறதில்ல. ஆனா சுகர் இருக்குற ஒருத்தரு "கருப்பட்டிதானே"ன்னு எட்டு பணியாரம் சாப்பிட்டா மீட்டர்ல காட்டிக் குடுத்துடும். எங்ககிட்ட ஆர்டர் குடுக்குறவங்ககிட்ட நான் இதை வியாபாரம் போனாலும் போகட்டும்னு சொல்லித்தான் விடுறேன்.

கருப்பட்டியில இன்னொரு பிரச்சினை, கலப்படம். பதநீர்ல சீனியைக் கலந்து காய்ச்சிடுறாங்க. சாயல்குடி பக்கம் பனை ஏறுறவங்களைத் தெரிஞ்சு வச்சு நேரா வாங்குனா நல்லது, இல்லன்னா உடன்குடி கருப்பட்டி, அதுக்கு புவிசார் குறியீடும் இருக்கு. விலை கேட்டாலே பாதி தெரிஞ்சிடும், சீனி விலைக்கு ரெண்டு மடங்குகூட இல்லாம கருப்பட்டி தர்றேன்னு யாராவது சொன்னா அதுல பனை எவ்வளவு இருக்கும்னு யோசிச்சுக்கங்க.

லேபிளே இல்லாத கடைப் பலகாரத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால பாத்து முழுசா கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் ஆகணும். ஆனா எதுல போடுவாங்கன்னு தெரிஞ்சா கேக்குறது சுலபம்.

லிக்விட் குளுக்கோஸ் எப்படி இருக்கும்னு பாத்தவங்க கம்மி. பேக்கரி சாமான் விக்கிற கடையில டப்பாவுலயும் வாளியிலயும் இருக்கும், நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், கரண்டியில எடுத்தா விடவே விடாது, கையை நனைச்சுக்கிட்டுத்தான் பிச்சு எடுக்கணும். முந்திரி கேக், சோன்பப்டி, சில வகை அல்வா, மிட்டாய் வகையறா, இதுலல்லாம் ஒரு கரண்டி போட்டா பாகு பூக்காது, நாலு நாள் ஆனாலும் மெதுமெதுன்னு இருக்கும், பாகு பதம் தெரியாதவங்களுக்கும் கை குடுக்கும். அதனாலதான் போடுறாங்க, ஏமாத்துறதுக்குன்னு இல்ல. பம்பாய் அல்வான்னு கண்ணாடி கண்ணாடியா வெட்டி வச்சிருப்பாங்களே, அது கார்ன்ஃப்ளோர்லயே செய்றது, அலர்ஜிக்காரங்க கிட்டக்கவே போகக்கூடாது.

கடலை உருண்டையை எடுத்துக்கங்க. வெல்லப் பாகு மட்டும் வச்சுச் செய்றதா இருந்தா பதம் பிசகக்கூடாது. கிண்ணத்துல பச்சைத் தண்ணி வச்சுக்கிட்டு ஒரு சொட்டு பாகை அதுல விடணும், கையில எடுத்து உருட்டுனா உருளணும், அந்த உருண்டையை தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் கேக்கணும். சத்தம் வர்றதுக்கு முன்னாடி இறக்குனா பல்லுல ஒட்டும், தாண்டிப் போனா கசக்கும். எங்க அப்பத்தா இதுக்கு அடுப்புகிட்ட யாரையும் பேச விட மாட்டாக. கடையில பெரிய அளவுல பண்றப்ப இந்தச் சங்கடம் வேணாம்னு வெல்லத்தோட லிக்விட் குளுக்கோஸைச் சேத்துடுவாங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சதே வெல்லமும் கரிசல் கடலையும் சேந்த அந்தப் பக்குவத்துக்குத்தான், ஆனா பேரை மட்டும் போட்டுக்கிட்டு விக்கிற பாக்கெட்டும் நிறைய சுத்துது, பின்னாடி பட்டியல்ல குளுக்கோஸ்னு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க.

நம்ம பக்கத்துப் பலகாரத்துல நல்ல விஷயம் என்னன்னா பலதுக்கு குளுக்கோஸ் போட இடமே இல்ல. கந்தரப்பத்துக்கு அரிசி உளுந்தோட வெல்லத்தை மாவுலயே சேத்து ஆட்டிடுறோம், பாகே கிடையாது. பால் பணியாரம் தேங்காய்ப் பால்ல ஊறுறது. கவுனி அரிசி ராத்திரி ஊறப்போட்டு வேகவச்சு சீனி, தேங்காய்ப்பூ போட்டுக் கிளறுறது. ஆடிக் கும்மாயம் உளுந்து மாவு, கருப்பட்டி, வெல்லம், நெய். அதிரசத்துக்கு மட்டும்தான் பாகு, அதுக்கும் இளம் பதம் போதும், பூக்குமேங்கிற பயமே இல்ல. வெளிய வாங்குறப்ப இந்த மாதிரி சாமானா பாத்து வாங்குனா பாதிக் கவலை விட்டுது.

பேரனுக்கு கார்ன் அலர்ஜி, லீவுக்கு ஊருக்கு வர்றான், வீட்ல எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

முதல்ல அவங்க டாக்டர் என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னு பிள்ளையோட அம்மாகிட்ட கேளுங்க. சில பிள்ளைகளுக்கு மக்காச்சோளத்தோட புரதம் மட்டும்தான் ஆகாது, நல்லா சுத்திகரிச்ச குளுக்கோஸ் ஒண்ணும் பண்ணாது, சிலருக்கு துளி பட்டாலும் ஆகாது. அதை நீங்களா முடிவு பண்ணாதீங்க.

அடுக்களையில பாக்க வேண்டியது: கார்ன்ஃப்ளோர், கஸ்டர்டு பவுடர் இது ரெண்டும் நேரடியாவே சோளம். பேக்கிங் பவுடர்லயும் கடையில வாங்குற ஐசிங் சுகர்லயும் கட்டி பிடிக்காம இருக்க சோள ஸ்டார்ச் கலந்திருப்பாங்க. பரோட்டா கடை சிக்கன் 65, கோபி 65 மொறுமொறுப்பு எல்லாம் கார்ன்ஃப்ளோர்தான். சூப் கெட்டியா இருந்தா அதேதான். மாத்திரையிலகூட மக்காச்சோள ஸ்டார்ச் வச்சு அழுத்தியிருப்பாங்க, மருந்துக்கடையில சொல்லிக் கேட்டு வாங்குங்க.

நம்ம இரும்புச்சோளம், வெள்ளைச்சோளம் வேற செடி, மக்காச்சோளம் வேற, ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க.

இதை விட முக்கியம், நம்ம நாட்டு லேபிள்ல அலர்ஜின்னு தனியா எடுத்துக் காட்டச் சொல்ற பட்டியல்ல கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கு, மக்காச்சோளம் இல்ல. அமெரிக்காவுலயும் இல்ல. அதனால "அலர்ஜி தகவல்"னு தடிச்ச எழுத்துல இருக்குறதை மட்டும் பாத்துட்டு சோளம் இல்லன்னு நினைச்சுடாதீங்க, முழுப் பட்டியலையும் படிக்கணும்.

பிள்ளை இருக்குற வரைக்கும் இட்லி, இடியாப்பம், குழிப்பணியாரம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசின்னு ஓட்டிடலாம், ஒண்ணுக்கும் குறை வராது. எண்ணெய் மட்டும் செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய்னு இருக்கட்டும்.

சுகர்ஃப்ரீ வாங்கலாமா?

சுகர்ஃப்ரீ பிஸ்கட், சாக்லேட்ல இனிப்புக்கு மால்டிட்டால், சார்பிட்டால் போட்டிருப்பாங்க, ரெண்டுமே ஸ்டார்ச்ல இருந்து வர்றதுதான், பெரும்பாலும் சோளம். அளவு மீறுனா வயித்தால போகும், பாக்கெட்லயே சில பேரு எழுதியிருப்பாங்க. எரித்ரிட்டாலும் குளுக்கோஸைப் புளிக்க வச்சு எடுக்குறது. சின்ன பாக்கெட்ல வர்ற சுகர்ஃப்ரீ பொடியில செயற்கை இனிப்பு துளிதான் இருக்கும், மீதி எடைக்கு டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ லாக்டோஸோ நிரப்பியிருப்பாங்க.

உடம்பு இளைக்கணும்னு இந்த மாதிரி செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசம் சொல்லியிருக்கு, ஆனா அது ஏற்கனவே சுகர் இருக்குறவங்களுக்காகச் சொன்னது இல்ல, அவங்க டாக்டர் பேச்சைக் கேக்கட்டும். என்னைக் கேட்டா காபியில சீனியை மெல்ல மெல்லக் குறைச்சு நாக்கைப் பழக்குறதுதான் நிக்கும்.

தேன்?

தேன்ல கார்ன் சிரப் கலக்குறது பழைய கலப்படம், சோளமும் கரும்பும் ஒரே வகைத் தாவரம், தேன் தர்ற பூச்செடிகள் பெரும்பாலும் வேற வகைங்கிறதால அதை லேப்ல கார்பன் டெஸ்ட்ல பிடிச்சுடலாம். அதனால அந்த டெஸ்ட்ல சிக்காத மாதிரி அரிசி சிரப் மாதிரி வேற சிரப்புக்குப் போயிட்டாங்க. 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்குற சிஎஸ்இங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பு 13 பிராண்டை டெஸ்ட் பண்ணி, மூணுதான் எல்லா டெஸ்ட்லயும் தேறுச்சுன்னு வெளியிட்டாங்க. தண்ணியில போட்டா கரையக்கூடாது, தீக்குச்சியில தடவுனா எரியணும்ங்கிற வீட்டு டெஸ்ட் எதையும் நம்பாதீங்க. ஒரு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு சுத்தமான தேனும் குடுக்கக்கூடாது, சேனை வைக்கிறேன்னு நாக்குல தடவுறதும் வேணாம், அதுல வர்ற கிருமி சின்னப் பிள்ளைக்குத் தாங்காது.

பிள்ளைக்கு ஹெல்த் டிரிங்க் குடுக்கலன்னா எப்படி வளரும்?

நல்லா வளரும். டப்பாவைத் திருப்பிப் பாருங்க, மால்ட், சீனி, லிக்விட் குளுக்கோஸ் இல்லாட்டி மால்டோடெக்ஸ்ட்ரின், அப்புறம் வைட்டமின். பால்ல அதைப் போட்டா பிள்ளை குடிக்குதுன்னா இனிப்புக்குக் குடிக்குது. உளுந்தை வறுத்துத் திரிச்ச மாவுல கும்மாயம் கிளறி நெல்லிக்காய் அளவு குடுங்க, பொரிகடலை மாவுருண்டை குடுங்க, ஒரு முட்டை குடுங்க. பால்ல ஏலக்காய் தட்டிப்போட்டாலே பழகிடும்.

குளுக்கோஸும் சோளம்தானே, அப்ப ஓஆர்எஸ் குடுக்கக்கூடாதா?

குடுக்கணும், கட்டாயம் குடுக்கணும். வயித்தால போற பிள்ளைக்கு ஓஆர்எஸ் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாவுல ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோட பொட்டாசியமும் சிட்ரேட்டும். குளுக்கோஸ் இருந்தாத்தான் குடல் உப்பையும் தண்ணியையும் உள்ள இழுக்கும், அதை எடுத்துட்டா மருந்தே இல்ல. சோள அலர்ஜி இருக்குற பிள்ளைன்னா மட்டும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

ஆனா டெட்ரா பாக்கெட்ல ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவைன்னு ஓஆர்எஸ் பேரை ஒட்டிக்கிட்டு வித்ததெல்லாம் வேற, அதுல சீனி பல மடங்கு. 2025 அக்டோபர்ல அந்த மாதிரி பானத்துக்கு ஓஆர்எஸ்ங்கிற பேரையே போடக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டுடுச்சு. மருந்துக்கடையில பொடி பாக்கெட்தான் கேட்டு வாங்கணும்.

அதே மாதிரி சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்களுக்கு சுகர் இறங்கி வேர்த்து நடுக்கம் வந்தா குளுக்கோஸோ சீனியோ உடனே குடுக்கணும், அந்த நேரத்துல லேபிள் பாத்துக்கிட்டு நிக்காதீங்க.

பிள்ளைகள் அமெரிக்காவுல இருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்ல?

அங்கதான் நிஜமாவே கவனிக்கணும். ரொட்டி, கெச்சப், பேன்கேக் மேல ஊத்துற சிரப், தயிர்ல பழம் கலந்தது, ஊறுகாய், பார்பிக்யூ சாஸ், எல்லாத்தையும் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. பாட்டில்ல மேப்பிள் படம் இருந்தாலும் உள்ள கார்ன் சிரப் இருக்கும், சுத்தமான மேப்பிள் சிரப்னு எழுதியிருக்குறதைத்தான் எடுக்கணும். 2010ல எச்எஃப்சிஎஸ் விக்கிற கம்பெனிகளோட சங்கம் "கார்ன் சுகர்"னு பேரை மாத்திக்கிறோம்னு கேட்டுச்சு, அங்க உணவு, மருந்தைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2012ல முடியாதுன்னுடுச்சு, அதனால லேபிள்ல ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப்னு முழுசாவே இருக்கும். கனடாவுல குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ்னு எழுதுவாங்க, ஐரோப்பாவுல குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் சிரப்.

கைக்குழந்தை இருந்தா ஃபார்முலா பால் டப்பாவுல கார்ன் சிரப் சாலிட்ஸ்னு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ஆனா டாக்டர் சொல்லிக் குடுக்குற ஃபார்முலாவா இருந்தா நீங்க போன்ல சொல்லி மாத்த வைக்காதீங்க.

வசந்த காலத்துல யூதர்களோட பஸ்கா பண்டிகை வரும்போது மஞ்சள் மூடி போட்ட கோக் வரும், அந்தப் பண்டிகைக்கு அவங்கள்ல பல பேரு சோளம் சேக்க மாட்டாங்க, அதனால அது சீனியில பண்ணது. அலர்ஜிக்காரங்க அதைத் தேடி வாங்கி வைப்பாங்க. மத்தவங்களுக்கு அதுல லாபம் ஒண்ணும் இல்ல.

வெயில் காலத்துக்கு என்ன குடிக்கலாம், கல்யாணத்துல வர்றவங்களுக்கு என்ன குடுக்கலாம்?

சித்திரை வெயில்ல தெப்பக்குளம் பக்கம் நடந்து வந்தவங்களுக்கு கலர் பாட்டிலை உடைச்சுக் குடுக்குறதை விட நீர்மோர் குடுங்க, கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் பெருங்காயம், உப்பு, அம்புட்டுதான். இளநீர் இருக்கு. சீசன்ல பதநீர், அதுவும் இனிப்புத்தான், ஒரு டம்ளரோட நிறுத்திக்கணும்.

பானகம் கேக்குறவங்களுக்கு எங்க அளவு: ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் வெல்லம், அரை ஸ்பூன் சுக்குத்தூள், நாலு ஏலக்காய், ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டிட்டுத்தான் மத்ததைச் சேக்கணும், மண் இருக்கும். 200 மில்லி டம்ளருக்கு 12 கிராம் வருது. வழக்கமா இதுல ரெண்டு பங்குக்கு மேல வெல்லம் போடுவாங்க, அப்படிப் போட்டா அது கூல்டிரிங்க் கணக்குதான், குறைச்சுப் போட்டா சுக்கும் எலுமிச்சையும் நல்லா தெரியுது, யாரும் குறை சொன்னதில்ல.

நன்னாரி சர்பத் பாட்டில் வாங்குறப்ப லிக்விட் குளுக்கோஸ் இருக்கான்னு பாருங்க. வேரை வாங்கித் தட்டிப்போட்டு ராத்திரி ஊறவச்சு வீட்லயே காய்ச்சுறது கஷ்டம் இல்ல.

மேடையில குடுக்குற வெல்கம் டிரிங்க் பாக்கெட் மாம்பழ ஜூஸா இருந்தா அதுல பழம் பத்து சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும், மீதி தண்ணியும் சீனியும்.

சமையல்காரர்கிட்ட எப்படிச் சொல்றது, கோவிச்சுக்க மாட்டாரா?

சாமான் லிஸ்ட் எழுதுற அன்னைக்கே சொல்லிடுங்க, பந்தி அன்னைக்கு வந்து கேட்டா யாருக்கும் கோவம் வரும். "அண்ணே, இனிப்புக்கு சீனி, வெல்லம், கருப்பட்டி மூணும்தான், லிக்விட் குளுக்கோஸ் வேணாம், கார்ன்ஃப்ளோர் வேணாம்"னு நேரடியா பேரைச் சொல்லிச் சொல்லணும், கெமிக்கல் போடாதீங்கன்னு பொதுவாச் சொன்னா அவருக்கு எதைச் சொல்றீங்கன்னு புரியாது. முந்திரி கேக் ரெண்டு நாள்ல கொஞ்சம் இறுகும், பரவாயில்லன்னு முன்னாடியே ஒத்துக்கங்க, அவருக்கும் நிம்மதி. அலர்ஜிக்காரப் பிள்ளை பந்தியில இருந்தா அதுக்கு மட்டும் தனி வாணலி, புது எண்ணெய், 65 பொரிச்ச எண்ணெயில பணியாரம் சுட்டா சோளமும் கூடவே வந்துடும்.

ஸ்வீட்கார்ன் அவிச்சு விக்கிறாங்களே, அது சாப்பிடலாமா?

அலர்ஜி இல்லன்னா தாராளமா சாப்பிடுங்க. அது முழுசா நாரோட இருக்குற சாப்பாடு, இவ்வளவு நேரம் சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மேல வெண்ணெயும் மசாலாவும் தூவுறப்ப அந்த மசாலாப் பொட்டலம் எந்த பாக்கெட்னு மட்டும் ஒரு தடவை எட்டிப் பாத்துக்கங்க.